புதிர் அவிழ்க்கப் பழகுக!

‘செல்வத்தை அடுத்து ஆவின் உணவும் தச்சன் அறைவதும் சேர, அமைவது சேதுக்கரைப் பக்கத்து ஊர்.’ எவ்வூர்? செல்வம் திரு, ஆவின் உணவு புல், தச்சன் அறைவது ஆணி. ‘திரு’வின்பின் பகர ஒற்று மிகும், தனிக்குறிலை அடுத்த லகர ஒற்று உயிர்வர இரட்டும். விடை திருப்புல்லாணி!

குறிப்பின் ஒரு முனையில் பொருள். எஞ்சியதில் சொல்லைக் கட்டும் வழி. இவ்விரண்டையும் பிரித்தறிவதே மறைகுறிப்புக் குறுக்கெழுத்தின் முதற்பாடம். 1913இல் நியூயார்க்கு நாளிதழொன்றில் தோன்றிய குறுக்கெழுத்தை, இங்கிலாந்தார் 1920களில் இவ்வாறு வளர்த்தனர். நம்மவர் பலர் இன்றும் அதனை ஆங்கிலத்திலேயே அவிழ்த்துப் பெருமை கொள்கின்றனர். உழைப்பு நமது, வளர்வதோ பிறமொழிச் சொல்வளம்!

நமக்கு இக்கலை புதிதா? பிசியைத் தொல்காப்பியம் கூறும்; எழுத்தைக் கூட்டிக் கூட்டி வேறு சொல் காட்டும் மிறைப்பாவைத் தண்டியலங்காரம் கூறும். இக்கடற்கரையில் வாழ்ந்து 1929இல் மறைந்த பாம்பன் அடிகள் மிறைப்பாக்களும் பாடினார். வடசொல் கலவாத ‘சேந்தன் செந்தமிழ்’ நூலும் பாடினார். அமெரிக்கத் தமிழரின் ‘தென்றல்’ திங்களிதழோ மறைகுறிப்புப் புதிரைத் தமிழிலேயே வெளியிட்டுக் காட்டியது.

ஆசிரியப் பெருமக்களே! புணர்ச்சி நூற்பாவை உருப்போட்டு மறக்கும் மாணவன், புதிருக்காக அதனைத் தேடிப் படிப்பான். கிழமைக்கொரு புதிரைக் கரும்பலகையில் எழுதுங்கள். தன் ஊர்ப்பெயரைப் பிரிக்கவும் சேர்க்கவும் அறிந்த பிள்ளை, தன் மொழியை எளிதில் இழவான்!