பிரேக்கரைப் பெரிதாக்குவதற்குப் பெயர் ரிப்பேர் அல்ல



கொஞ்சம் நீளமான பதிவு. மெஷின் வைத்துத் தொழில் செய்பவர்களும், அந்த மெஷின்களுக்கு ஒயரிங் செய்பவர்களும் பொறுமையாக முழுவதும் படியுங்கள்.

பிரேக்கர் ஒயருக்குக் காவல். இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் வெளியே நடப்பது என்ன? 32 ஆம்பியர் பிரேக்கர் நாலு தரம் டிரிப் ஆனால் உடனே “63 போட்டுடு, தொல்லை விட்டுச்சு” என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஃபியூஸ் கேரியரில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டுப் போனார்களே, அதே வேலைதான் இது. பெட்டி மட்டும் புதுசு.

கணக்கைப் பாருங்கள். 415 வோல்ட், 20 எச்.பி. மோட்டார் முழு லோடில் ஏறத்தாழ 28 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 40 ஆம்பியர் தாங்கும் பி.வி.சி. கேபிள் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 40, சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி என்று வைத்துப் போட்ட கணக்கு. நம் ஊர் தகரக் கொட்டகையில் மே மாதம் கூரையை ஒட்டி 50 டிகிரி சாதாரணம். அங்கே அதே கேபிள் தாங்குவது சுமார் 33 ஆம்பியர்தான். நாலு கேபிளைச் சேர்த்துக் கட்டியிருந்தால் அதுவும் கிடையாது.

மோட்டார் 28, பிரேக்கர் 32, கேபிள் 33. இந்த வரிசைதான் விதி. மோட்டாரை விட பிரேக்கர் குறையக் கூடாது, கேபிளை விட பிரேக்கர் மிஞ்சக் கூடாது.

இப்போது 63 போட்டாயிற்று. ஒரு நாள் ஒரு ஃபேஸ் போகிறது. மிச்சமுள்ள இரண்டு ஃபேஸிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்கு, அதாவது 48 ஆம்பியர். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். 33 தாங்கும் கேபிளில் 48 ஓடினால் சூடு இரண்டு மடங்கு. பழைய 32 ஆம்பியர் பிரேக்கர் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். 63-க்கு இந்த 48 ஒரு பொருட்டே இல்லை. கேபிள் வேகும், பிரேக்கர் வேடிக்கை பார்க்கும்.

“ஓவர்லோட் ரிலே இருக்கே சார்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரிலே சரியாக செட் செய்திருந்தால் மோட்டாரையும் கேபிளையும் ஓவர்லோடிலிருந்து அது காக்கும். அப்போது கணக்குப் போட்டுப் பெரிய பிரேக்கர் வைப்பதிலும் தப்பில்லை. ஆனால் 32-ஐக் கழற்றி 63 மாட்டிய அதே கை, ரிலேயின் டயலையும் கடைசி வரை திருகி வைத்திருக்கும். நான் பார்க்கப் போன பட்டறைகளில் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்த்திருக்கிறேன்.

டிரிப் ஆனால் எப்போது ஆகிறது என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்த நொடியிலேயே விழுகிறதா? நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் ஆறேழு மடங்கு இழுக்கும். 28 ஆம்பியருக்கு 170 முதல் 195 வரை. ‘சி 32’ பிரேக்கர் 160-க்கும் 320-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் உடனே விழலாம். அதற்கு மருந்து ‘டி’ வகை பிரேக்கர் அல்லது ஸ்டார்-டெல்டா. ஆம்பியரைக் கூட்ட வேண்டியதில்லை. ‘டி’ போட்டால் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அரை மணி ஓடிய பிறகு விழுகிறதா? பேரிங் இறுகியிருக்கும், வோல்டேஜ் குறைந்திருக்கும், டெர்மினல் லூஸாகிச் சூடேறியிருக்கும். கிளாம்ப் மீட்டர் வைத்து மூன்று ஃபேஸையும் அளங்கள். பிரேக்கர் ஏதோ ஒன்றைச் சொல்கிறது; அதைக் கேட்காமல் வாயைக் கட்டுவது எந்த ஊர் வைத்தியம்?

சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. லட்சக்கணக்கில் கொடுத்து மெஷின் வாங்குகிறீர்கள். கேபிளில் ஒரு சைஸ் குறைத்து மிச்சம் பிடிக்கிறீர்கள். ஒரு தடவை காயில் கட்டினால் அந்த மிச்சம் போயிற்று. கொட்டகையில் நைட் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒன்று ஆனால் எதைக் கொடுத்து ஈடு கட்டுவீர்கள்?

மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலாளி சொன்னார் என்பது பதில் ஆகாது. அவருக்கு ஆம்பியர் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் சான்றிதழ் கொடுத்து அனுப்பினோம். கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால் அந்த 63-ஐ உங்கள் கையால் மாட்டாதீர்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஒவ்வொரு மெஷினிலும் மூன்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியர், பிரேக்கரில் அச்சிட்ட எண், கேபிளின் சைஸ். சந்தேகம் இருந்தால் கமெண்டில் போடுங்கள். ரிட்டயர் ஆன வாத்தியாருக்கு நேரம் நிறைய இருக்கிறது. உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் எலெக்ட்ரிகல் வாத்தியார்