நிழலில் அளக்கப்படும் வெயில்: தார்ப் பாலையில் வெப்பமும் சாதியும்

இந்தியாவில் இதுவரை பதிவான வெப்பநிலைகளுள் மிக உயர்ந்தது 51 டிகிரி செல்சியஸ். ராஜஸ்தானின் ஃபலோதியில் 2016 மே 19 அன்று அது பதிவாயிற்று. ஆல்வாரில் 1956இல் பதிவான 50.6 டிகிரி என்ற அளவை அறுபது ஆண்டுகளுக்குப் பின் அது விஞ்சியது. அதன் பிறகு 2019 ஜூன் தொடக்கத்திலும் 2024 மே இறுதியிலும் சூரு நகரம் 50 டிகிரியைக் கடந்தது. ஒவ்வொரு முறையும் ஊடகங்கள் ஒரே வகையான காட்சிகளைக் காட்டுகின்றன: சுடுமணலில் பொரியும் அப்பளம், வெறிச்சோடிய கடைத்தெரு, மோர் அருந்தும் பயணிகள். வெயில் ஒரு வேடிக்கைச் செய்தியாகி இரண்டு நாளில் மறைந்துவிடுகிறது.

இந்த எண்களைப் பற்றி ஓர் எளிய உண்மையை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அவை நிழலில் அளக்கப்பட்டவை. வானிலை நிலையங்களில் வெப்பமானி வெண்ணிறப் பெட்டிக்குள், காற்று புகும் பலகை அடைப்புகளுக்கு நடுவே, தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே வைக்கப்படுகிறது. நேரடி வெயில் அதன்மேல் படுவதில்லை. அறிவியலுக்கு அது சரியான முறையே. ஆனால் கல் குவாரியில் பாறையை உடைப்பவருக்கும், உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கும், ஏரி தூர்வாரும் பெண்ணுக்கும் அந்தப் பெட்டியின் நிழல் இல்லை. மேலிருந்து வெயிலும் கீழிருந்து தரையின் அனலும் அவர்களைச் சேர்த்துத் தாக்குகின்றன. நாடு அறியும் வெப்பம் ஒன்று, அவர்கள் உடல் அறியும் வெப்பம் வேறொன்று. அந்த வேறுபாட்டை யார் சுமக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வெப்பம் என்பது நீர்

பாலையின் வெப்பம் வறண்டது. சென்னையின் புழுக்கத்தில் வியர்வை உடலில் வழிந்துகொண்டே இருக்கும். தாரின் வறண்ட காற்றில் அது தோன்றிய கணத்திலேயே ஆவியாகிவிடும். அதனால் உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. சூழ்ந்துள்ள காற்று தோலைவிடச் சூடாக இருக்கும்போது உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வைதான். கடின உழைப்பில் ஈடுபட்டிருப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கும் மேல் நீரை இழக்கக்கூடும். அதை ஈடுசெய்யாவிட்டால் தசைப்பிடிப்பு, மயக்கம், சிறுநீரகப் பாதிப்பு, இறுதியில் வெப்பத்தாக்கு என்று நிலைமை முற்றுகிறது.

பாலைநில மக்கள் இதை நெடுங்காலமாக அறிந்தவர்கள். அவர்கள் வெப்பத்தை எதிர்கொள்ளும் முறைகள் பெரும்பாலும் நீரையே சார்ந்தவை. மண்பானையில் நீர் குளிர்வதும், வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளிப்பதும், மோரும் கம்பங்கூழும் பச்சை மாங்காய்ச் சாறும் அருந்துவதும் அவ்வகையே. இன்று நடுத்தர வர்க்க வீடுகளில் சுழலும் ஏர்கூலர் கூட நீரை ஆவியாக்கித்தான் அறையைக் குளிர்விக்கிறது. ஆக, பாலையில் நீர் வைத்திருப்பவரே குளிர்ச்சி வைத்திருப்பவர். நீர் மறுக்கப்பட்டவருக்குக் குளிர்ச்சியும் மறுக்கப்படுகிறது.

நீர் என்பது சாதி

தாரின் நீர் மரபு வியக்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக் கூட எட்டாத ஜெய்சல்மேர்ப் பகுதியில் மக்கள் டாங்கா எனப்படும் நிலத்தடித் தொட்டிகளிலும் குளங்களிலும் சிறு கிணறுகளிலும் மழைத்துளிகளைச் சேமித்து வாழ்ந்தார்கள். காந்தியவாதியான அனுபம் மிஸ்ரா 1995இல் எழுதிய ‘ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்’ அந்த அறிவை நாடறியச் செய்தது. தோண்டியோரின் திறனையும் அவர் மரியாதையோடு பதிவுசெய்தார். எனினும் இம்மரபைப் போற்றுவோர் பலர் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குளத்தில் இறங்கி நீர் மொள்ளும் உரிமை யாருக்கு இருந்தது?

சக்வாரா என்ற ஊரின் கதை இதற்கு விடை தருகிறது. ஜெய்ப்பூர் மாவட்டத்தில், பாலையின் எல்லைக்குக் கிழக்கே உள்ள ஊர் அது. 1936இல் வெளியான ‘சாதி ஒழிப்பு’ நூலிலேயே அண்ணல் அம்பேத்கர் அதைக் குறிப்பிடுகிறார். விருந்தில் நெய் பரிமாறியதற்காகத் தலித் மக்கள் அங்கே தாக்கப்பட்டார்கள். 65 ஆண்டுகள் கழித்து, 2001 டிசம்பரில், அதே ஊரில் பைர்வா சமூகத்தைச் சேர்ந்த இருவர் ஊர்க்குளத்தில் குளித்தனர். அதற்குச் சாதி இந்துக்கள் சமூகப் புறக்கணிப்பால் விடை தந்தார்கள். அடுத்த ஆண்டு உரிமை கோரி நடைபயணம் வந்தபோது வன்முறை வெடித்தது. கால்நடைகள் இறங்கி நீர் அருந்தும் குளத்தில் மனிதர் இறங்கியதே குற்றமாயிற்று.

2022 ஆகஸ்டில் ஜாலோர் மாவட்டத்தில் ஒன்பது வயதுத் தலித் மாணவன் ஒருவன் உயிரிழந்தான். பள்ளியில் ஆசிரியருக்கென வைத்திருந்த பானையைத் தொட்டதற்காக அவன் அடிக்கப்பட்டான் என்று குடும்பத்தார் குற்றஞ்சாட்டினர். அப்படியொரு பானையே பள்ளியில் இல்லை என்று மறுப்பும் எழுந்தது. ஆளுங்கட்சியான காங்கிரசைச் சேர்ந்த தலித் சட்டமன்ற உறுப்பினர் பானாசந்த் மேக்வால் இந்த மரணத்தை முன்னிட்டுப் பதவி விலகல் கடிதம் அனுப்பினார். பானை இருந்ததா இல்லையா என்ற விவாதத்தில் ஊடகங்கள் மூழ்கின. தனிப்பானை என்பது நம்பத்தக்க குற்றச்சாட்டாக இருக்கும் ஒரு சமூகத்தில் குழந்தைகள் எப்படித் தாகம் தணித்துக்கொள்கிறார்கள் என்பதை யாரும் விவாதிக்கவில்லை.

வெயில் காலத்தில் நீர் மறுக்கப்படுவதன் கொடுமையை அம்பேத்கர் தம் சிறுவயதிலேயே அனுபவித்தவர். தந்தையைக் காணக் கோரேகாவ் நோக்கி உறவுச் சிறுவர்களுடன் கோடை விடுமுறையில் மாட்டுவண்டியில் சென்ற அந்தப் பயணத்தை அவர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கையில் உணவு இருந்தது. வழியெங்கும் நீர் கிடைக்கவில்லை. நீர் இல்லாத ஊர்கள் அல்ல அவை. அவர்களுக்குத் தர நீர் இல்லாத ஊர்கள்.

வெயில் சாதி பார்ப்பதில்லையா?

வெயில் எல்லோருக்கும் பொது, ஏழைகள் எந்தச் சாதியிலும் இருக்கிறார்கள் என்று சிலர் வாதிடுவர். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தார்ப் பாலையில் ராஜபுத்திர ஏழையும் உண்டு, முஸ்லிம் ஏழையும் உண்டு. அவர்கள் உடலும் அதே வெயிலில்தான் வாடுகிறது. ஆனால் மயங்கி விழும் நிலையில் உள்ள ஓர் ஏழைச் சாதி இந்து, அருகிலுள்ள வீட்டுத் திண்ணையில் ஏறி அமர்ந்து ஒரு சொம்பு நீர் கேட்க முடியும். அதே நிலையில் உள்ள மேக்வால் ஒருவர் முதலில் அது யாருடைய வீடு என்று பார்க்க வேண்டும். அந்தத் தயக்கத்துக்கு ஆகும் நேரத்தை எந்த வெப்பமானியும் பதிவுசெய்வதில்லை.

வேலையும் அவ்வாறே பிரிந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராஜஸ்தான் மக்களில் 17.8 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர், 13.5 விழுக்காட்டினர் பழங்குடியினர். ஜோத்பூரைச் சுற்றியுள்ள மணற்கல் குவாரிகளில் உழைப்போரில் பெரும்பான்மையினர் இவ்விரு பிரிவினரே. குவாரியின் பள்ளத்தில் காற்று புகாது. பகலெல்லாம் சூடேறிய பாறைச் சுவர்கள் நாற்புறமும் அனலை உமிழும். கல்தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோய்க்கு ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கையே வகுக்க வேண்டியிருந்தது. தூசியிலிருந்து காக்கும் முகமூடியை அந்த வெப்பத்தில் அணிந்திருக்க முடியாது. கழற்றினால் தூசி நுரையீரலுக்குள் செல்லும். எந்த நோயால் சாவது என்பதே தொழிலாளிக்கு விடப்பட்ட தேர்வு.

2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் பணியிடத்தில் குடிநீர், நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்க வேண்டும் என்று விதித்தது. கோடையில் வேலை நேரத்தை அதிகாலைக்கு மாற்றும் ஆணைகளையும் ராஜஸ்தான் அரசு பிறப்பித்து வந்தது. நல்ல ஏற்பாடுகளே. ஆனால் வெட்டிய மண்ணின் அளவைக் கொண்டு கூலி கணக்கிடப்படும் இடத்தில் ஓய்வு என்பது கூலியிழப்பாகிவிடும். பணியிடத்தில் நீர் இருக்க வேண்டும் என்று சொன்ன விதி, அதை யார் கையால் ஊற்றுவது, யார் குவளையில் அருந்துவது என்பதைச் சொல்லவில்லை. சாதி வாழ்வது அந்த இடைவெளியில்தான்.

திட்டங்களில் இல்லாத சொல்

2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தனர் என ஆய்வாளர்கள் கணித்தனர். அதன் விளைவாக 2013இல் அந்நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. பிறகு பல மாநிலங்களும் நகரங்களும் அதைப் பின்பற்றின. கொள்கை ஆய்வு மையம் 2023இல் 18 மாநிலங்களைச் சேர்ந்த 37 திட்டங்களை ஆராய்ந்தபோது, யார் மிகுதியாகப் பாதிக்கப்படுவர் என்பதை முறையாக மதிப்பிட்டு வெளியிட்டவை இரண்டே எனக் கண்டறிந்தது. முதியோர், குழந்தைகள், கருவுற்றோர், திறந்தவெளித் தொழிலாளர் என்ற வழக்கமான பட்டியல் இத்தகைய திட்டங்களில் மீண்டும் மீண்டும் வருகிறது. ஊரின் ஓரத்தில், நீராதாரத்துக்குத் தொலைவில், தகரக் கூரையின் கீழ் வாழும்படி எந்த அமைப்பு ஒரு மக்களை வைத்திருக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

நிதியிலும் இதே அலட்சியம். 15ஆவது நிதி ஆணையத்தின் காலத்தில் பேரிடர் நிவாரண நிதிக்கான தேசியப் பட்டியலில் குளிர் அலை இருந்தது. வெப்ப அலை இல்லை. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு இழப்பீட்டுக்கும் வழிசெய்தது. வெப்பத்தாலும் குளிராலும் நேரும் மரணங்களைத் தடுக்க 2015இல் வரைவு செய்யப்பட்ட மசோதா சட்டமாகவில்லை. அதைச் சுட்டிக்காட்டிய ராஜஸ்தான் உயர்நீதிமன்றம், 2024 மே இறுதியில் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, கடும் வெப்ப நாட்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை திறந்தவெளித் தொழிலாளர்க்கு ஓய்வளிக்க அறிவுறுத்தல் வெளியிடுமாறு அரசைப் பணித்தது.

அறிவுறுத்தல் வேறு, சட்டம் வேறு. கத்தார் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் 3:30 வரை திறந்தவெளி வேலையைத் தடைசெய்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் நண்பகல் வேலைத்தடை நடப்பில் உள்ளது. புலம்பெயர் தொழிலாளரைச் சுரண்டுவதற்காக உலகமே சாடும் நாடுகள் அவை. அங்கே கூட ஏட்டளவிலேனும் இருக்கும் இந்தக் காப்பு, தன் குடிமக்களுக்கு இந்தியாவில் தேசியச் சட்டமாக இல்லை.

செய்ய வேண்டியவை

நீரைப் பொறுத்தவரை புதிய சட்டம் தேவையில்லை. அரசமைப்பின் 15(2) பிரிவு பொதுக் கிணறுகளையும் குளங்களையும் அனைவருக்கும் திறந்துவிட்டது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கிணறு, குளம், தொட்டி, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றைப் பிறரோடு சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. கோடை தொடங்குமுன் ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் தம் எல்லைக்குட்பட்ட பள்ளி, பணியிடம், நீர்ப்பந்தல், ஊர்க்குளம் ஆகியவற்றில் இச்சட்டம் நடைமுறையில் உள்ளதா என்று நேரில் சோதிப்பதை வெப்பச் செயல்திட்டத்தின் முதற்பகுதியாக்க வேண்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை உறுதியளித்தது. எத்தனை வீடுகளுக்குக் குழாய் என்ற கணக்கோடு, தலித் குடியிருப்பின் கடைசி வீட்டுக் குழாயில் மே மாதத்தில் நீர் வருகிறதா என்ற கணக்கும் வேண்டும்.

உழைப்பைப் பொறுத்தவரை, குறித்த வெப்பத்துக்கு மேல் நண்பகல் வேலையைக் கூலி குறையாமல் நிறுத்தும் சட்டம் தேவை. கூலியின்றித் தரப்படும் ஓய்வு ஏழைக்குப் பட்டினியின் மறுபெயர். வெப்ப மரணங்கள் மாரடைப்பு என்று எழுதப்பட்டு மறைந்துபோகாதிருக்க, இறந்தவரின் தொழில், இறந்த இடம், சமூகப் பிரிவு ஆகியவை பதிவாக வேண்டும். எண்ணப்படாத சாவுக்கு எந்த அரசும் பொறுப்பேற்காது.

மகத் நகரின் சவதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அள்ளிப் பருகியது 1927 மார்ச் 20 அன்று, கோடையின் வாசலில். அந்த உரிமையைப் பம்பாய் உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 1937 ஆயிற்று. அந்தப் போராட்டம் 2027இல் நூறாண்டை நிறைவு செய்கிறது. அதற்கு விழா எடுக்க விரும்பும் அரசுகள் முதலில் ஃபலோதிக்கும் சூருவுக்கும் ஜாலோருக்கும் மே மாத நண்பகலில் சென்று, அங்குள்ள பானைகளிலிருந்து யார் யார் நீர் அருந்துகிறார்கள் என்று பார்த்து வரட்டும்.