இலையைப் பார்க்காதீர்கள், அடிமரத்தைப் பாருங்கள்

வாடகை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு மரம் எதற்கு என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. வங்கி, ரயில்வே, ஆலை, ஆராய்ச்சிக்கூடம் என்று ஏதோ ஒரு வேலையின் பொருட்டு மைசூருக்கு வந்து சேர்ந்தவர்கள் நாம். ஊரில் வாசல் வேம்பையும் கொல்லைப்புறத்துப் புளியையும் விட்டுவிட்டு வந்தோம். இங்கே மண்ணில் ஒரு மரம் நட்டால், அடுத்த மாற்றல் உத்தரவு வரும்போது அதையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஆகவே நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றது தொட்டியோடு தூக்கிச் செல்லக்கூடிய மரமே என்பது என் கருத்து. போன்சாயைத்தான் சொல்கிறேன்.

ஊட்டி சாலையில், கணபதி சச்சிதானந்த ஆசிரமத்திலுள்ள 'கிஷ்கிந்தா மூலிகா போன்சாய் தோட்டத்தை'ப் பார்த்துவிட்டு வரும் அன்பர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள். "அழகுதான், ஆனால் அதெல்லாம் வசதி படைத்தவர்களுக்கு" என்று ஒதுங்கிவிடுவார் ஒருவர். இன்னொருவர் நேரே கடைக்குப் போய், பீங்கான் தொட்டியில் பாம்புபோல் வளைந்து நிற்கும் செடியை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வந்து, கூடத்தில் டி.வி. பக்கத்தில் வைப்பார். வெயில் படாத செடி மெல்ல மெல்ல இலை உதிர்த்துவிடும். இந்த இரண்டுமே வேண்டாதவை. போன்சாய்க்கு ஏற்ற மரம் நம் வீட்டுக்குப் பக்கத்து நர்சரியிலேயே இருக்கிறது. தேடும் முறைதான் தெரிய வேண்டும்.

போன்சாய் என்ற ஜப்பானியச் சொல்லுக்குத் தட்டில் நட்டது என்றுதான் பொருள். அது தனி ஜாதி மரம் அன்று. குள்ள விதை என்று எதுவும் கிடையாது. காட்டில் நூறு அடி வளரக்கூடிய அதே மரத்தைத்தான் கிளை கவாத்து செய்தும், வேரைக் கத்தரித்தும், கம்பி சுற்றி வளைத்தும் சிறிதாக வைத்திருக்கிறார்கள். கிளையையும் இலையையும் நாம் பிறகு வரவழைத்துக்கொள்ளலாம். பருத்த அடிமரத்தை மட்டும் சின்னத் தொட்டியில் அவ்வளவு எளிதாக வளர்க்க முடியாது. நர்சரியில் நாம் காசு கொடுக்க வேண்டியது அந்த அடிமரத்துக்குத்தான்.

தசரா நாட்களில் குப்பண்ணா பூங்கா மலர்க்காட்சிக்குப் போய்ப் போய், செடி என்றால் பூவைப் பார்ப்பதே நமக்கு வழக்கமாகிவிட்டது. நர்சரியிலும் முன்வரிசையில் பூத்து நிற்பவற்றிடமே நிற்கிறோம். நேரே பின்பக்கம் போங்கள். பல வருடம் விலை போகாமல், கறுப்புப் பையைக் கிழித்துக்கொண்டு வேர் தரையில் இறங்கிவிட்ட செடிகள் அங்கே இருக்கும். மேலே கோணலாக, இலை குறைந்து, பார்க்க நன்றாக இராது. ஆனால் தரையில் வேர் ஓடியதால் அடி பருத்திருக்கும். "ஹளே கிட இதெயா?" என்று கன்னடத்தில் கேட்டால் நர்சரிக்காரரே கூட்டிக்கொண்டு போவார். இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் செடி என்பதால் விலையும் பேசலாம்.

கண்டவுடன் வாங்கிவிடக் கூடாது. மேல்மண்ணை விரலால் ஓர் அங்குலம் விலக்குங்கள். வேர்கள் நாலா பக்கமும் பரவியிருந்தால் நல்லது. ஒரு வேர் தண்டையே சுற்றி இறுக்கியிருந்தால் விட்டுவிடுங்கள். தண்டு அடியில் பருத்து, மேலே போகப் போகச் சிறுத்து வர வேண்டும். தாழ்வாக ஒன்றிரண்டு கிளைகள் வேண்டும். அடியில் ஒட்டுக் கட்டிய வீக்கம் இருந்தால் அது கடைசிவரை கண்ணை உறுத்தும். இலையின் அடிப்புறத்தையும் திருப்பிப் பார்த்து, மாவுப்பூச்சி இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பைன், ஜூனிபர் போன்ற குளிர்நாட்டு மரங்களுக்கு ஆசைப்பட வேண்டாம். ஆல், அரசு, அத்தி, இச்சி வகைகள், புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ ஆகியவை இந்த ஊர் வெயிலில் செழிப்பவை. ஆலும் அத்தியும் இச்சியும் எவ்வளவு வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். புளியின் சிற்றிலை சின்ன மரத்துக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். நர்சரியிலேயே இவ்வளவும் கிடைக்கும்போது காட்டிலிருந்து பழைய மரத்தைத் தோண்டி வருவது தேவையுமில்லை, நியாயமுமில்லை.

தரையில் வேர் இறங்கிய செடியை அன்றே பிடுங்கி எடுத்துவரக் கூடாது. கீழ் வேரை வெட்டி, இரண்டு மூன்று வாரம் நர்சரி நிழலிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். பிழைத்தது தெரிந்த பிறகு எடுத்து வரலாம். செம்மண், மணல், செங்கல் ஜல்லி, இலைமக்கு கலந்து, தண்ணீர் தேங்காத சாதாரண மண்தொட்டியில் ஒரு வருடம் வெயிலில் விடுங்கள். தட்டுக்கு மாற்றுவதை அடுத்த ஆண்டு, மழை தொடங்கும் ஜூன் மாதத்தை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். கிளையை வெட்டுவதையும் வேரை வெட்டுவதையும் ஒரே நாளில் செய்து அவசரப்படுவதால்தான் பல மரங்கள் போகின்றன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள். முதிர்ந்த தண்டு வளையாதுதான். ஆனால் அதைக் குறைத்து வெட்டினால் வரும் புதுக் கிளை நாம் சொன்னபடி கேட்கும்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு பைன் போன்சாய் இருக்கிறது. 1625 முதல் வளர்க்கப்பட்டு வருவது. ஹிரோஷிமாவில் யாமாகி என்ற குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தது. 1945-இல் அணுகுண்டு விழுந்தபோது வீட்டு மதில் மறைவில் நின்றதால் தப்பியது. 1976-இல் அந்தக் குடும்பம் அதை அமெரிக்காவுக்கே அன்பளிப்பாக அளித்தது. ஊர் மாறி, நாடு மாறி, கை மாறியும் அந்த மரம் வாழ்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் தண்ணீர் ஊற்ற ஒருவர் இருந்தார் என்பதே அதற்குக் காரணம்.

நம் பிள்ளைகள் நாளை பெங்களூருக்கோ புனேவுக்கோ கடல் கடந்தோ போவார்கள். ஊரில் உள்ள புளியமரத்தை அவர்கள் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களை அழைத்துக்கொண்டு பக்கத்து நர்சரியின் பின்பக்கம் போங்கள். எந்த மரம் என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பும் அவர்களுடையதாகவே இருக்கட்டும்.