இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சா... கை எங்கே இருக்கு? மாடல் விமானம் விடுபவர்கள் கவனத்துக்கு!

ஞாயிற்றுக்கிழமை காலை, கல்லூரி மைதானம். பிளஸ் ஒன் படிக்கும் பையன் ஒருவன் தன் குட்டி விமானத்தின் புரொப்பெல்லரைச் சுண்டுகிறான். நான்காவது முறை இன்ஜின் 'விர்ர்' என்று பிடித்துக்கொள்கிறது. அந்தச் சந்தோஷத்தில், பிளக்கில் மாட்டிய பேட்டரி கிளிப்பைக் கழற்ற முன்பக்கமாகவே கையை நீட்டுகிறான்.

"தம்பி, கையை எடு! பின்னால சுத்தி வாப்பா!" வால் பகுதியைப் பிடித்திருக்கும் பெரியவர் கத்துகிறார்.

அவர் கத்தியதில் அர்த்தம் இருக்கிறது. 'ஸ்டார்ட் ஆயிடுச்சு, வேலை முடிஞ்சுது' என்று நினைக்கும் அந்த நொடிதான் விரலுக்கு ஆபத்தான நொடி. என்.சி.சி விமானப் பிரிவு மாணவர்கள் முதல் ரிட்டயர் ஆனவர்கள் வரை, ஏரோமாடலிங் பழகும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

அவ்வளவு வேகமா?

10 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 10,000 முறை சுற்றினால், அதன் நுனி மணிக்கு சுமார் 480 கி.மீ வேகத்தில் போகிறது. இரண்டு பிளேடுகளும் சேர்ந்து ஒரு நொடியில் 333 முறை ஒரே இடத்தைக் கடக்கின்றன. பட்டதை உணர்ந்து நாம் கையை இழுப்பதற்குள் பல வெட்டுகள் விழுந்துவிடும். போதாக்குறைக்கு, சுற்றும் புரொப்பெல்லர் வெயிலில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

ஸ்டார்ட் செய்யும் முன்...

* புரொப்பெல்லரில் கீறலோ விரிசலோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். நட்டு இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள்.
* தொங்கும் துப்பட்டா, ஐ.டி கார்டு கயிறு, கழுத்துச் சங்கிலி வேண்டாம். முழுக்கைச் சட்டையை மடித்து விடுங்கள்.
* த்ராட்டில் குறைவாக இருக்கட்டும். விமானத்தை ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும்.
* வேடிக்கை பார்ப்பவர்கள் முன்னாலும் பக்கவாட்டிலும் நிற்கக் கூடாது. பிளேடு உடைந்தால் அந்தப் பக்கம்தான் பறக்கும்.

ஸ்டார்ட் செய்யும்போது...

விரலால் சுண்ட வேண்டாம். சில நேரம் எரிபொருள் முன்கூட்டியே பற்றிக்கொண்டு, புரொப்பெல்லர் எதிர்த்திசையில் திருப்பி அடிக்கும். இதற்காகவே 'சிக்கன் ஸ்டிக்' என்ற குச்சி இருக்கிறது. ஆங்கிலத்தில் பயந்தாங்கொள்ளியை 'சிக்கன்' என்று கிண்டல் செய்வார்கள். அதிலிருந்து வந்த பெயர். கிண்டலைப் பற்றிக் கவலைப்படாமல் குச்சியையோ எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரையோ பயன்படுத்துங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டால் இன்ஜின் தூங்கிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1.5 வோல்ட் பேட்டரி, குளோ பிளக்கின் கம்பிச் சுருளை முதலில் சூடாக்க மட்டும்தான். பிறகு அது தானாகவே தணலாக இருக்கும். சூடான இன்ஜின் பேட்டரி இல்லாமலும் பிடித்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் ஆன பிறகு...

கையை எடுங்கள். எழுந்து, இறக்கையைச் சுற்றி விமானத்தின் பின்பக்கம் வாருங்கள். கிளிப்பைக் கழற்றுவது, நீடில் வால்வைத் திருகுவது எல்லாமே பின்னாலிருந்துதான். புரொப்பெல்லருக்கு மேலாகக் கையை நீட்டவே கூடாது.

பேட்டரி விமானம்தானே?

அசட்டையாக இருந்துவிடாதீர்கள். எதிலாவது மோதினால் எரிபொருள் இன்ஜின் நின்றுவிடலாம். மோட்டாரோ இன்னும் முட்டிச் சுற்றப் பார்க்கும். வீட்டு மேஜையில் செட்டிங் செய்யும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். பறக்கவிடும்போது முதலில் ரிமோட்டை ஆன் செய்து, த்ராட்டிலை முழுக்கக் குறைத்த பிறகே விமானத்தின் பேட்டரியை மாட்டுங்கள். முடிந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிறகு ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள்.

கையில் பட்டுவிட்டால்?

சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். வீங்குவதற்குள் மோதிரத்தைக் கழற்றுங்கள். மஞ்சள் தூள், காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். விரல் துண்டானால், அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள்.

இறக்கை ஒடிந்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒட்டிவிடலாம். விரல் அப்படியில்லை. இன்ஜின் பிடித்ததும் கைதட்டுவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் கை முதலில் பின்னால் வரட்டும்!