மெரினாவில் மாலை நடை: மூட்டு வலிக்காரரும் அலை வரை போகலாம்!

போடிநாயக்கனூரிலிருந்து சென்னைக்கு நேரடி ரயில் 2023 ஜூனில் தொடங்கியதிலிருந்து, பெரியவர்கள் மகன், மகள் வீட்டுக்கு வந்து போவது சுலபமாகிவிட்டது. வந்தபின் ஒரு சிக்கல். ஃப்ளாட்டுக்குள் எவ்வளவு நேரம்தான் டிவி பார்ப்பது? சாயங்காலம் அவர்களை மெரினாவுக்கு அழைத்துப் போகலாம்.

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத் தோட்டங்களிலோ நடந்தாலே ஏற்றம், இறக்கம்தான். அப்படி உழைத்துத் தேய்ந்த முழங்கால்களுக்கு மெரினாவின் சமதள நடைபாதை பெரிய ஆறுதல். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை சுமார் 2.5 கிலோமீட்டர். முடிந்தவரை நடக்கலாம், முடியாவிட்டால் உட்காரலாம்.

1880-களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப்தான் இந்த நடைபாதையை அமைத்தவர். இத்தாலியின் சிசிலித் தீவில் பார்த்த கடற்கரையை நினைத்து அவர் வைத்த பெயர்தான் ‘மெரினா’.

ஆனால், நடைபாதையில் நின்று பார்த்தால் கடல் எங்கோ தள்ளி இருக்கிறதே, ஏன்?

அந்தக் காலத்தில் கடல் இவ்வளவு தூரத்தில் இல்லை. 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ‘ஐஸ் ஹவுஸ்’தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். அதன் அருகிலேயே அன்று கடல் இருந்தது. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கடல் நீரோட்டம் அடித்துவரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்தன. அந்த மணல் தெற்கே சேர்ந்துசேர்ந்து மெரினா அகன்றது. மணல் கிடைக்காத வடசென்னைக் கரையையோ கடல் அரித்தது.

அகன்ற மணல் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல். மூட்டு வலிக்காரர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் அதுவே தடை. சென்னைக்குப் பலமுறை வந்தும் அலையில் கால் நனைக்காமல் ஊர் திரும்பிய பெரியவர்கள் உண்டு.

இந்தக் குறையைத் தீர்க்க, 2022 நவம்பரில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் சேதமடைந்து, பிறகு சீரமைக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்காக அமைத்த பாதை என்றாலும், தடுமாறி நடக்கும் பெரியவர்களுக்கும் இதுதான் துணை. அதன் நடுவில் செல்ஃபி எடுக்க நிற்பவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டாலே பெரிய உதவி.

கிளம்பும் முன் சில குறிப்புகள்:

* ஐந்து மணிக்கு மேல் போங்கள். பகல் வெயிலில் நிலம் சூடாகி மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்ப, கடல்காற்று கரைக்கு வரும்.

* போடியில் சூரியன் மலைக்குப் பின்னால் மறையும். மெரினாவிலும் கடலில் மறையாது, ஊருக்குப் பின்னால்தான். ஆனால், பௌர்ணமியன்று கடலிலிருந்து நிலா எழுவதைப் பார்க்கலாம்.

* கால் நனைப்பதோடு சரி. நீரோட்டம் ஆளை இழுத்துவிடும் என்பதால் இங்கே குளிக்கத் தடை உண்டு.

* வண்டியை நிறுத்தும்போதே மரப்பாதைக்குப் பக்கமாக நிறுத்துங்கள். பெரியவர்களின் தெம்பு அலை வரை மிச்சமிருக்கட்டும். தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டலைத் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாம்!