குவார்ட்டர்ஸ் போக, சம்பளம் எவ்வளவு?

மலைக் கிளப்புகளுக்கு மேனேஜர் தேடும் விளம்பரங்களில் ஒரு வரி மாறுவதே இல்லை: ‘தங்குமிடம், உணவு இலவசம், சம்பளம் நேரில் பேசிக்கொள்ளலாம்.’ நேரில் போனால் கமிட்டியார் முதலில் குவார்ட்டர்ஸைத்தான் சுற்றிக் காட்டுவார்கள். வாடகை மிச்சம், சாப்பாடு மிச்சம், கரண்ட் பில் மிச்சம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, மீதி நிற்கும் ஒரு தொகையைச் சம்பளம் என்பார்கள். குறைவாக இருக்கிறதே என்று முகம் சுருங்கினால், கழித்ததையெல்லாம் மறுபடி கூட்டிப் பார்க்கச் சொல்வார்கள். கூட்டினால் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் அந்தக் கூட்டல் வேலையில் இருக்கும் வரைதான் செல்லும். ஓய்வு பெற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டு மலையிறங்கும் அன்று, கையில் வருவதைத் தீர்மானிப்பது சம்பளச் சீட்டில் எழுதியிருக்கும் எண் மட்டுமே.

கிளப் மேனேஜர்களான நாம் நம் சம்பளம் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘எவ்வளவு?’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறோம். ‘எந்தத் தலைப்பில்?’ என்பது அதைவிட முக்கியமான கேள்வி. ஏற்காடு ஒண்டிக்கடையில் இருந்து பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

முதலில், சம்பளம் ஏன் உயர மறுக்கிறது என்று பார்ப்போம். ஒரு ரிசார்ட்டில் முதலாளி வேறு, வாடிக்கையாளர் வேறு. மே மாதக் கூட்டத்தில் அறை வாடகையை ஏற்றினால் வருமானம் ஏறும். மேலாளரின் ஊக்கத்தொகையும் அதோடு ஏறும். கிளப்பில் சம்பளம் தருபவரும் அறையில் தங்குபவரும் ஒரே ஆள். அறை வாடகையையும் பார் விலையையும் மாதச் சந்தாவையும் நிர்ணயிப்பவர்கள் அவற்றைக் கட்டுகிற உறுப்பினர்களே. மேனேஜருக்குக் கூட்டித் தரும் ஒவ்வொரு ரூபாயும் தங்கள் சட்டைப்பையிலிருந்து போவதை அவர்கள் பொதுக்குழுவில் கண்ணாரப் பார்க்கிறார்கள். சேவை நட்சத்திர ஓட்டல் தரத்தில் வேண்டும், சந்தா பத்தாண்டுக்கு முந்தைய அளவில் நிற்க வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. புது உறுப்பினர் கட்டும் நுழைவுக் கட்டணம் ஒரே ஒருமுறை வருவது. கூரை மாற்ற உதவும், மாதாமாதம் சம்பளம் தர உதவாது. டெபாசிட் வட்டியை நம்பலாம் என்றால், பெங்களூர் கிளப் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் வருமான வரி உண்டு என்று சொல்லிவிட்டது. உறுப்பினர்களாக இருக்கும் வங்கிகளிலேயே பணம் போட்டிருந்தாலும், வங்கி அதை வெளியாருக்குக் கடன் கொடுத்த பிறகு ‘நமக்குள் நாமே’ என்ற வாதம் நிற்காது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

தோட்டக்காரர்களை நம்பி வளர்ந்த மலைக் கிளப்புகளுக்குக் காபி விலை என்ற இன்னொரு பிடியும் உண்டு. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயன் மலையில் காபியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து, இங்கே கையில் காசு புழங்குவதும் வறள்வதும் காபியைப் பொறுத்துத்தான். 1989இல் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை உடைந்து விலை சரிந்தது. 2001 வாக்கில் அது அடிமட்டத்துக்கே போனது. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு நான்கு டாலரைத் தாண்டியது. விலை விழுந்த ஆண்டுகளில் முதலில் நிற்பது மேனேஜரின் இன்கிரிமென்ட். அது எல்லோருக்கும் தெரிந்த கதை. விலை உச்சத்துக்குப் போன பிறகு அந்த நின்ற இன்கிரிமென்டைத் தேடி எடுத்துத் தருவதற்கு எந்த கிளப் விதியிலும் இடமில்லை. சரிவில் பங்கு உண்டு, ஏற்றத்தில் பங்கு இல்லை என்றால் அதைச் சம்பள முறை என்று எப்படிச் சொல்வது?

மூன்றாவது காரணத்தைப் பேசினால் நம்மில் சிலருக்கே மனம் வருந்தும். ஆனாலும் பேசாமல் இருக்க முடியாது. 1832இல் தொடங்கிய மெட்ராஸ் கிளப், 1841இல் தொடங்கிய உதகமண்டலம் கிளப் காலத்திலிருந்து வந்த பழக்கம் ஒன்று உண்டு: கிளப்பை நடத்த ஒழுங்கு தெரிந்தவர் வேண்டும், ஒழுங்கு தெரிந்தவர் என்றால் படையில் இருந்தவர். இன்றும் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகள் பலர் கிளப் செக்ரட்டரிகளாக வருகிறார்கள். நிர்வாகத்தில் அவர்களுக்கு ஈடு சொல்வது கடினம். ஆனால் அவர்கள் கையில் பென்ஷன் இருக்கிறது. மருத்துவத்துக்கும் முன்னாள் படைவீரர் திட்டம் இருக்கிறது. கிளப் தரும் தொகை அவர்களுக்கு இரண்டாவது வருமானம். அதே நாற்காலிக்கு ஓட்டல் மேலாண்மை படித்த முப்பத்தைந்து வயதுக்காரர் வந்தால், அதே தொகைதான் அவருடைய முழு வருமானம். பென்ஷன்காரருக்குப் போதும் என்ற தொகையே பதவியின் விலையாக நிலைத்துவிட்டது. இதில் ராணுவத்தாரின் குற்றம் எதுவும் இல்லை. பதவிக்கு விலை வைக்காமல், வருகிறவரின் தேவைக்கு விலை வைத்த கமிட்டிகளின் சோம்பல் இது.

இதற்கிடையே வேலை மட்டும் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பட்லரையும் பேரர்களையும் பில்லியர்ட்ஸ் மார்க்கரையும் மேய்த்து, பார் ஸ்டாக் பார்த்து, சிட்டுகளைக் கூட்டி மாதக் கடைசியில் பில் அனுப்பினால் போதும் என்ற காலம் போய்விட்டது. தமிழ்நாட்டில் கிளப் பார் நடப்பது எஃப்.எல்.2 உரிமத்தில், 1981ஆம் ஆண்டு மதுபான உரிம விதிகள் அதற்கு அடிப்படை. இருப்புப் பதிவேட்டில் ஒரு பாட்டில் கூடினாலும் குறைந்தாலும் ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பது மேனேஜரைத்தான். கௌரவச் செயலாளர் அன்று எஸ்டேட்டில் இருப்பார். 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஆண்டுக் கணக்குத் தாக்கல், சமையலறைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்குழு எல்லாம் இன்று மேனேஜர் மேஜைக்கு வரும் வேலைகள்.

வரி விஷயம் இன்னும் சிக்கல். உறுப்பினர்களுக்கு கிளப் கொடுக்கும் உணவும் பானமும் விற்பனை ஆகாது என்ற வாதம் 2019 அக்டோபரில் கல்கத்தா கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஜி.எஸ்.டி. சட்டத்தில் ஒரு புதுப் பிரிவைச் சேர்த்து, கிளப்பும் உறுப்பினரும் தனித்தனி ஆட்கள் என்று 2017 ஜூலையிலிருந்தே பின்தேதியிட்டு அறிவித்தது. 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்றது. இந்த மூன்றையும் புரிந்துகொண்டு, பில்லில் வரி போடுவதா வேண்டாமா என்று ஆடிட்டரோடு பேசி முடிவெடுக்கத் தெரிந்தவரைத்தான் நாம் மேனேஜர் என்கிறோம். அவருக்கு விலை பேசும்போது மட்டும் பழைய பட்லர் காலத்துத் தராசைக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

சட்டத்தின் பாதுகாப்பு நமக்கு எந்த அளவுக்கு உண்டு? 1967இல் மெட்ராஸ் ஜிம்கானா கிளப் ஊழியர் சங்க வழக்கில், உறுப்பினர்களுக்கான கிளப் ‘தொழில்’ ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கிளப் ஊழியர்களுக்கு அன்றைய தொழில் தகராறுச் சட்டத்தின் கதவு திறந்தது. ஆனால் அந்தக் கதவு பேரருக்கும் மாலிக்கும் திறந்ததுபோல் நமக்குத் திறக்கவில்லை. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வரமாட்டார். ஆண்டுதோறும் கமிட்டி மாறுகிறது. போன கமிட்டி வாயால் சொன்னது இந்தக் கமிட்டியைக் கட்டுப்படுத்தாது. ஆகவே நம் கையில் இருக்கும் முதல் பாதுகாப்பு நியமனக் கடிதம். அது ஒரு பக்கத்தில் நான்கு வரியாக இருந்தால், பாதுகாப்பும் நான்கு வரிதான்.

பணிக்கொடை மட்டும் விதிவிலக்கு. நிர்வாகப் பதவியில் இருப்பவருக்கும் அது உண்டு. ஆண்டுக்குப் பதினைந்து நாள் ஊதியம் என்ற கணக்கில், மாதத்தை இருபத்தாறு நாளாக வகுத்துத் தர வேண்டும். எந்த ஊதியம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, மாதம் 40,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 12,000 என்றும், மீதி 28,000 பல படிகள் என்றும் எழுதியிருக்கிறது என்று கொள்வோம். இருபது ஆண்டு வேலை பார்த்தால் பழைய முறையில் பணிக்கொடை சுமார் 1,38,000. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியக் கணக்கில் சேரும். அப்போது கணக்குக்கு வரும் ஊதியம் 20,000; பணிக்கொடை சுமார் 2,30,000. ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே 40,000. கணக்கில் சேரும் ஊதியம் மாறியதில் ஏறத்தாழ 92,000 ரூபாய் வித்தியாசம். வருங்கால வைப்புநிதியும் இப்படியே: 2014இல் நிர்ணயித்த 15,000 ரூபாய் வரம்பைக் காட்டி, மாதம் 1,800க்கு மேல் ஒரு ரூபாயும் கட்டாத நிர்வாகங்கள் ஏராளம். முழு ஊதியத்துக்கும் கட்டக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை.

குவார்ட்டர்ஸும் வெறும் இலவசம் அல்ல. வருமான வரியில் அதற்கு மதிப்புப் போடுவார்கள்; 2023 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகு, ஏற்காடு போன்ற சிற்றூர்களில் கிளப்புக்குச் சொந்தமான வீட்டுக்குச் சம்பளத்தில் 5 சதவீதம். அதாவது வரித் துறையே அதற்கு வைக்கும் விலை இவ்வளவுதான். சம்பளம் பேசும்போது கமிட்டி கழிக்கும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேலும், கிளப் வளாகத்தில் மேனேஜர் குடியிருப்பது கிளப்புக்கும் லாபம். இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் மோட்டார் நின்றாலும், மழையில் மரம் விழுந்து கரண்ட் போனாலும், கதவைத் தட்டினால் ஆள் இருக்கிறார். அந்த நேரத்துக்கு ஓவர்டைம் கிடையாது. பிள்ளைகள் விஷயம் வேறு. மலையில் மான்ட்ஃபோர்ட் போன்ற பெயர் பெற்ற பள்ளிகள் இருக்கின்றன. அந்தக் கட்டணம் மேனேஜர் சம்பளத்துக்கு எட்டாது. மனைவியும் பிள்ளைகளும் சேலத்தில் வாடகை வீட்டில், இவர் இருபது கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இலவச வீட்டில். வாடகை மிச்சம் என்று கழித்த தொகை அங்கே போய் நிற்கிறது. மலையில் பணியாற்றும் தமிழக அரசு ஊழியருக்கு மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டு. அதே குளிரில் அதே மலையில் வேலை பார்க்கும் கிளப் மேனேஜருக்கு ஏன் இல்லை என்று எந்தப் பொதுக்குழுவிலும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் 1927இல் தொடங்கிய கிளப் மேலாளர் சங்கம் சம்பளக் கணக்கெடுப்புகளை நடத்தி வெளியிடுகிறது. அதோடு, அங்கே வரிவிலக்குப் பெற்ற கிளப்புகள் அரசுக்குத் தாக்கல் செய்யும் 990 படிவத்தில் முக்கிய நிர்வாகிகளின் ஊதியமும் இருக்கும். அதை யாரும் பார்க்கலாம். இங்கே மேனேஜரின் சம்பளம் ஆண்டறிக்கையில் ‘பணியாளர் செலவு’ என்ற ஒற்றை வரிக்குள் சமையல்காரர், காவலாளி சம்பளங்களோடு கரைந்துவிடுகிறது. அடுத்த கிளப்பில் என்ன தருகிறார்கள் என்பது கமிட்டிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தெரியாத சந்தையில் கேட்பவன் எப்போதும் குறைத்தே கேட்பான்.

சிறிய கிளப்புகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. நூறு, இருநூறு உறுப்பினர்களை வைத்துக்கொண்டு, சீசன் இரண்டு மாதத்தில் இணைப்புக் கிளப் விருந்தினர்களிடம் வரும் அறை வாடகையால் ஆண்டை ஓட்டும் கிளப்பிடம் சென்னைச் சம்பளத்தைக் கேட்க முடியாது. நாம் அதைக் கேட்கவும் இல்லை. தருகிற பணத்தை நேர்மையாக எழுதித் தாருங்கள் என்பது முதல் கோரிக்கை. அதற்கு ஆகும் கூடுதல் செலவு, வைப்புநிதியிலும் பணிக்கொடையிலும் சட்டம் எப்படியும் கேட்கப் போகிற செலவுதான். அதைச் செய்யாத கிளப் வேறு வழியில் செலவழிக்கிறது: இரண்டு ஆண்டு பழகிய மேனேஜர், ஏரிக்கரையைச் சுற்றி முளைத்திருக்கும் ரிசார்ட்டுகளில் ஒன்றுக்குப் போய்விடுகிறார். புதியவர் வந்து உறுப்பினர்களின் பெயர்களைக் கற்பதற்குள் அடுத்த சீசன் வந்துவிடுகிறது.

ஆகவே, அடுத்த பொதுக்குழுவுக்கு முன் கமிட்டி மேஜையில் வைக்க வேண்டியவை நான்கு. ஒன்று, பொறுப்புகளையும் நோட்டீஸ் காலத்தையும் வேலை நேரத்தையும் தெளிவாகச் சொல்லும் நியமனக் கடிதம். இரண்டு, மொத்த ஊதியத்தில் பாதிக்குக் குறையாத அடிப்படைச் சம்பளம். முழு ஊதியத்துக்கும் வைப்புநிதி. மூன்று, குவார்ட்டர்ஸைச் சம்பளத்தில் கழிக்காமல் பணியிடத் தேவையாக எழுதுவது. கூடவே ஒரு மலைப்படி. நான்கு, கிளப்பின் ஆண்டு வருமானத்தோடு கட்டிய ஊக்கத்தொகை. நல்ல ஆண்டில் ஏறட்டும், மோசமான ஆண்டில் இறங்கட்டும், அடிப்படைச் சம்பளம் மட்டும் நிற்கட்டும்.

ஐந்தாவது ஒன்று உண்டு. அது கமிட்டியைச் சேர்ந்ததல்ல. உதகை, குன்னூர், கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு மேனேஜர்கள் அவரவர் சம்பளத்தைப் பெயரில்லாமல் ஒரு தாளில் எழுதி ஒரே இடத்தில் சேர்த்தால், ஒரு மாலையில் இந்தத் தொழிலின் சந்தை விலை தெரிந்துவிடும். உறுப்பினரின் பாக்கியை நயமாகக் கேட்டு வசூலிக்கத் தெரிந்த நமக்கு, நமக்கு வர வேண்டியதைக் கேட்க மட்டும் கூச்சம் எதற்கு?