வங்கிகளின் முகவரி ஏன் மாறியது?



வீட்டில் தாத்தாவோ பாட்டியோ செல்போனை நீட்டி, "இதுல என்னமோ வந்திருக்கு, அமுக்கலாமான்னு பாரு கண்ணு" என்று உங்களைக் கேட்டதுண்டா? பல வீடுகளில் இன்று பெரியவர்களின் வங்கிக் கணக்குக்குக் காவல்காரர், ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படிக்கிற நீங்கள்தான். அதனால் இந்தச் செய்தியைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

நம் நாட்டு வங்கிகளின் இணையதள முகவரிகள் முன்பு பலவிதமாக இருந்தன. ஒன்று 'டாட் காம்' என்று முடியும், இன்னொன்று 'டாட் கோ டாட் இன்' என்று முடியும். 2025 அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. 'சும்மா பெயர்ப் பலகையை மாற்றுகிறார்கள்' என்று நினைத்துவிடாதீர்கள். விஷயம் இருக்கிறது.

முதலில், இணையத்தில் ஒரு செய்தி எப்படிப் போகிறது? நாம் தபாலில் போடும் கடிதம் மாதிரி அது முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்திலும் போகவேண்டிய முகவரியும் வரிசை எண்ணும் இருக்கும். எல்லாம் ஒரே வழியில் போகவேண்டும் என்பதுகூட இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் எண்படி அடுக்கிக்கொண்டால் செய்தி தயார்!

வழியில் இந்தப் பொட்டலங்கள் பல கணினிகளின் கை மாறுகின்றன. நடுவில் யாராவது பிரித்துப் படித்துவிட்டால்? அதற்காகத்தான் செய்தியைச் சங்கேத எழுத்தாக மாற்றி அனுப்புகிறார்கள். அதன் அடையாளமாக முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படத்தைக் காட்டினார்கள்.

"பூட்டு இருந்தால் பயமில்லை" என்று நானும் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவன்தான். அது பாதிதான் உண்மை என்று பிறகுதான் எனக்கே உறைத்தது. உறையை நன்றாக ஒட்டி அனுப்பினால் வழியில் யாரும் பிரிக்க முடியாது. சரி, அந்தக் கடிதம் போய்ச் சேருகிற வீடே திருடன் வீடாக இருந்தால்? யார் கண்ணிலும் படாமல், பத்திரமாக, திருடன் கைக்கே போய்ச் சேரும்!

திருடனுக்கு எப்படிப் பூட்டு கிடைக்கும் என்கிறீர்களா? பூட்டுக்குச் சான்றிதழ் வேண்டும். 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகத் தருகிறது. சின்னப் பள்ளிக்கூடத்தின் தளம்கூடப் பூட்டுப் போட முடிந்தது இதனால்தான். ஆனால் சான்றிதழ் தரும்போது, 'இந்த முகவரி உன் வசம்தானா?' என்றுதான் சோதிக்கிறார்கள். 'நீ நல்லவனா?' என்று சோதிப்பதில்லை. கூகுள் நிறுவனம் 2021-இல் ஓர் ஆய்வு செய்தது. அதில் பங்கேற்றவர்களில் பூட்டின் பொருளைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் 11 சதவீதம் பேர்தான். 2023-இல் தன் குரோம் உலவியில் முகவரிப் பட்டையிலிருந்து அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

ஆகவே பார்க்கவேண்டியது முகவரியை. அதையும் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும்? வலமிருந்து!

தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர்கள் உங்கள் பெயரையோ கதவு எண்ணையோ முதலில் பார்ப்பதில்லை. கடைசி வரியில் இருக்கும் பின்கோடைத்தான் பார்ப்பார்கள். 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர் வகுத்த இணையப் பெயர் முறையும் அப்படியே. கணினி கடைசிச் சொல்லை முதலில் பார்த்து, பிறகு அதற்கு முந்தைய சொல்லுக்கு வரும். கடைசிப் பகுதிதான் உண்மையான சொந்தக்காரர் யார் என்று சொல்லும். முன்னால் உள்ள பெயர்களை அவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

'உங்கள்வங்கி டாட் பேங்க் டாட் இன் டாட் பரிசு டாட் காம்' என்று ஒரு முகவரி வந்தால் அது யாருடையது? வங்கியுடையது அல்ல. 'பரிசு டாட் காம்' என்பதை வாங்கி வைத்திருக்கும் யாரோ ஒருவருடையது! செல்போனின் சின்னத் திரையில் நீளமான முகவரியின் முன்பாதி மட்டும் தெரியும் சமயம் உண்டு. திருடனுக்கு அது போதும். இன்னொன்று: தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு ஒற்றைச் சாய்கோடு வந்தால், அதற்கு முன்புவரைதான் முகவரி. சாய்கோட்டுக்குப் பின்னால் 'பேங்க்' என்று நூறு முறை எழுதியிருந்தாலும் கணக்கில் வராது.

ரிசர்வ் வங்கி செய்ததன் அர்த்தம் இப்போது புரிகிறதா? 'டாட் காம்' முகவரியைப் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 'டாட் பேங்க் டாட் இன்' முகவரி வங்கிகளுக்கு மட்டும்தான். அதைப் பதிவு செய்து கொடுப்பது ரிசர்வ் வங்கி ஹைதராபாத்தில் தொடங்கிய ஒரு தொழில்நுட்ப நிறுவனம். வேறு யாரிடமும் வாங்க முடியாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடைசிச் சொல்லைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும். பாட்டிக்கு ஆங்கில எழுத்துத் தெரியாவிட்டால்? கணினிப் பாடத்தில் மவுஸ், கீபோர்டு படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிறோம். முகவரி படிக்க ஒரு வகுப்பு ஒதுக்கினால் என்ன என்பது என் கேள்வி.

'பேங்க்ல இருந்து பேசறேன், ஓ.டி.பி. சொல்லுங்க' என்று போனில் கேட்பவனிடம் இந்த முகவரி வித்தை எடுபடாது. அங்கே போனை வைத்துவிடுவதுதான் வழி. ஏமாந்து பணம் போய்விட்டது என்றால், திட்டுவார்களே என்று மறைக்காமல் பெரியவர்களிடம் சொல்லி 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசச் சொல்லுங்கள். திருடிய பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அது வெளியே எடுக்கப்படுவதற்குள் தகவல் போனால் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.